பெரியம்மாவின் பெருவிரல்: உறுதியா, பவரா, மரண சாசனமா, கோர்ட்டா?

“காணியை மூத்த மகனுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதந்தானே அம்மா?” என்று, காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கேட்டார். பெரியம்மா தலையாட்டினார். “சொந்த விருப்பத்தோடதானே?” அதற்கும் தலையாட்டினார். மேசையில் மைப்பெட்டி திறந்தே இருந்தது. சாட்சிக்கு வந்த இருவரும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. “பெரியம்மா, இதுல விரல் வெச்சதுக்கு அப்புறம் வீடு யாரோடது?” என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார். “என்னோடதுதான். ஒங்க பெரியப்பா பணிக்கொடைக் காசுல வாங்குனது. வேற யாரோடது?”

அன்று உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதப்படவில்லை. நொத்தாரிசு நேர்மையான மனிதர், பேசாமல் மைப்பெட்டியை மூடிவிட்டார். ஹற்றனில் பஸ் ஏறித் தலவாக்கலையில் இறங்கும்வரை, பெரியம்மாவின் மூத்த மகனான அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியம்மாவுக்கு 78 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் வைத்தியர் அல்சைமர் என்ற மறதி நோய் என்றார். சொத்து என்று பார்த்தால் 12 பேர்ச் காணி, அதில் மூன்று அறை வீடு, வங்கியில் ஒரு நிலையான வைப்பு, ஒரு சோடி காப்பு, அவ்வளவுதான். அண்ணனும் அண்ணியும் அவரோடு இருக்கிறார்கள். பெரியம்மாவின் மகளான அக்கா கொழும்பில், சின்ன மகனான தம்பி கட்டாரில். “இன்னும் ஆறு மாசம் போனா விரல் வெச்சும் பிரயோசனமில்ல” என்கிறார் அண்ணன். அது பொய்யில்லை. “புரியாத ஆளுகிட்ட எழுதி வாங்குனா நான் கேஸ் போடுவேன்” என்று தம்பி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். அதுவும் பொய்யில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். நான் சட்டத்தரணியும் இல்லை, வைத்தியரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். உங்கள் வீட்டு விஷயத்துக்கு உங்கள் சட்டத்தரணியிடமே கேளுங்கள். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

எந்தக் காரியத்துக்குப் புத்தி?

வீட்டில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “அவங்களுக்குப் புத்தி இருக்கா, இல்லையா?” மின்குமிழ் எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று கேட்பதுபோல. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வயது வந்த ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கிறது என்றே அது தொடங்கும். இல்லை என்கிறவர்தான் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்போதும் ‘எந்த முடிவுக்கு, எந்த நேரத்தில்’ என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கடையில் அரிசி வாங்க ஒரு அளவு புரிந்தால் போதும். இருக்கும் ஒரே வீட்டைக் கைமாற்ற அது போதாது. மறதி நோய் என்று வைத்தியர் எழுதிவிட்டதால் மட்டும் ஒருவர் கையெழுத்து வைக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. நம் ஊரில் கடைகாரரிலிருந்து வங்கி உத்தியோகத்தர்வரை பலருக்கு இது தெரியாது.

எங்கள் கதையை அப்படியே உரித்து வைத்தாற்போல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது. பீனி வழக்கு என்பார்கள், 1978ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வந்தது. மறதி முற்றிய ஒரு தாய், மூன்று பிள்ளைகள். கூட இருந்த மூத்த மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தார். வீட்டைக் கொடுக்கிறீர்கள் என்று புரிகிறதா, அதுதான் விருப்பமா என்று கேட்டார்கள். ஆம் என்றே சொன்னார். அவர் இறந்தபின் மற்ற இருவரும் வழக்குப் போட்டார்கள். அந்த உறுதி செல்லாது என்று தீர்ப்பானது. சிறிய அன்பளிப்பென்றால் கொஞ்சம் புரிந்தாலே போதும். சொத்து முழுவதையும் கொடுப்பதென்றால் மரண சாசனம் எழுதுகிறவருக்கு எவ்வளவு புரிய வேண்டுமோ அவ்வளவும் புரிய வேண்டும். மற்றப் பிள்ளைகளின் உரிமையையும் அந்தத் தாய் மனதில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இதை வாசித்த அன்று நொத்தாரிசு அறையும் அந்தத் தலையாட்டலும் என் கண்முன் வந்து நின்றன.

மரண சாசனத்துக்கு என்ன புரிய வேண்டும் என்பதற்கு இன்றுவரை எல்லாரும் திரும்பிப் போவது 1870இல் வந்த பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ தீர்ப்புக்குத்தான். சாசனம் என்றால் என்ன, அதனால் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று மொத்தமாகவாவது தெரிய வேண்டும். யார் யாருக்குத் தன்மேல் உரிமை இருக்கிறது என்று தெரிய வேண்டும். மனக்கோளாறு எதுவும் அந்தப் பாசத்தைத் திரித்திருக்கக் கூடாது. அந்த வழக்கில் சாசனம் எழுதியவருக்கு, பேய்கள் தன்னைத் துரத்துகின்றன என்ற எண்ணம் இருந்தது. இருந்தும் சாசனம் செல்லும் என்றே தீர்ப்பானது. பேய்க்கும் அவர் சொத்தைப் பிரித்த விதத்துக்கும் சம்பந்தமில்லை என்பது காரணம். எங்கள் மலையில் முனியைக் கண்டதாகச் சொல்லாத கிழவி யார்? கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

யார் அளந்து பார்ப்பது?

மூன்று பேரிடம் போகலாம். நொத்தாரிசு தானே கேட்டுப் பார்ப்பது ஒன்று. கிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை செய்து புள்ளி வாங்குவது ஒன்று. உளநல வைத்திய நிபுணர் குறிப்பிட்ட அந்த முடிவைப் பற்றியே உட்கார்ந்து பேசி அறிக்கை தருவது ஒன்று. நான்காவதாக நீதிமன்றம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நொத்தாரிசு மட்டும் என்றால் செலவும் குறைவு, அன்றைக்கே வேலை முடியும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு ஆவணத்தை வாசித்து விளக்கிவிட்டுத்தான் விரல் வாங்க வேண்டும் என்று அவருக்குச் சட்டம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மறதி நோயில் பலருக்கு மரியாதைப் பேச்சு வெகுநாள்வரை கெடாமல் இருக்கும். “வாங்க ஐயா, தேத்தண்ணி குடிச்சீங்களா, புள்ளைக சொகமா?” என்று பெரியம்மா கேட்டால் பத்து நிமிடத்தில் யாருக்கும் எதுவும் பிடிபடாது. துரைமார் கேட்டால் “ஆமாங்க” என்று சொல்லியே ஐம்பது வருடம் வாழ்ந்த தலைமுறை அது. ஆமா-இல்லை என்று பதில் வரும் கேள்வியை அவர்களிடம் கேட்பதே வீண். நோயில்லாத முதியவருக்கு நொத்தாரிசு ஒருவரே போதும். மறதி என்று ஒரு முறையாவது கிளினிக் புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டால், அவரை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது புள்ளி. உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது 1975இல் வந்த முப்பது புள்ளிப் பரிசோதனை. 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கமான கணக்கு. பெரியம்மாவை அதற்கு நான்தான் கூட்டிப்போனேன். வைத்தியர் சிங்களத்தில் கேட்க, தாதி தமிழில் சொன்னார்.

“இன்னைக்கு என்ன திகதி?”

“தைப்பூசம் கழிஞ்சு மூணு நாள்.”

சரியான பதில். ஆனால் புள்ளி இல்லை.

“இது எத்தனாவது மாடி?” அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. பெரியம்மா கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அதற்கு ஐந்து புள்ளி. ஒரு வாக்கியத்தை வாசித்து அதன்படி செய்ய ஒன்று, ஒரு வாக்கியம் எழுத ஒன்று, பின்னிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய ஒன்று. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவருக்கு, ஞாபகத்தைத் தொடும் முன்பே எட்டுப் புள்ளி போய்விடும். பேனாவை அவர் பிடித்த விதத்தைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. கொழுந்து கிள்ளும்போது இரண்டு இலை ஒரு மொட்டைப் பார்க்காமலே எடுத்த விரல்கள் அவை. அந்தப் பேனாவில் வழுக்கிக்கொண்டே இருந்தன.

வீட்டுக்கு வந்து நான் வேறு மாதிரி, தோட்டத்துக் கணக்கில் கேட்டேன். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். “பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் பேர் போடுவாங்க. நீங்க இருபத்திமூணு எடுத்திருக்கீங்க. எத்தனை கிலோவுக்குக் கைக்காசு?” “அஞ்சு” என்றார் உடனே. “பதினாறு எடுத்தா?” “அரைப் பேர்தான். கணக்கப்பிள்ளை நல்லவனா இருந்தா பேசிப் பார்க்கலாம்.” இதற்கு எந்தத் தாளிலும் புள்ளி கிடையாது.

பிறந்த திகதி கேட்பதும் அப்படித்தான். தோட்டத்துப் பழைய ஆட்களில் எத்தனை பேருக்கு அடையாள அட்டையில் இருப்பது உண்மையான வயது? பேர் பதிய வயதைக் கூட்டியவர்கள் உண்டு, பிரஜாவுரிமைப் பத்திரத்தில் வேறு வருடம் விழுந்தவர்கள் உண்டு. பிறந்த வருடத்தைத் தவறாகச் சொன்னார் என்று குறிப்பு எழுதுகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. புள்ளி நன்றாக வந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயில் ஞாபகம் நன்றாக இருக்கும், நிதானம் போய்விடும். திகதி, ஜனாதிபதி, பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, வழியில் பார்த்த ஒருவனுக்குக் காணியை எழுதிக் கொடுக்கக்கூடிய ஆளாக அவர் இருக்கலாம். லூவி பொடி என்ற இன்னொரு வகை மறதி நோயில் காலையில் ஒரு ஆள், மாலையில் வேறு ஆள். ஆகப் புள்ளி நோயின் அளவைச் சொல்லும், இந்த முடிவைச் சொல்லாது. எங்களுக்கு முதலில் கிடைத்த கடிதம் இரண்டே வரி: மறதி நோய், முப்பதுக்கு 14, ஆவணங்களில் ஒப்பமிடத் தகுதியில்லை. எந்த ஆவணம் என்று வைத்தியர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழிக்கு நேரம் பிடித்தது. நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். மலையகத்தில் தமிழில் பேசக்கூடிய உளநல நிபுணரைத் தேடிப்போவதே ஒரு வேலை. தமிழ் தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்பவர் சொத்தில் பங்கில்லாத ஆளாக இருக்க வேண்டும். பேரன் மொழிபெயர்த்தால் பிறகு அதுவே வழக்கில் கேள்வியாகும். எங்களுக்குத் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தார், கண்டிவரை போனோம். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போனேன்: என்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, சொத்து என்னென்ன, பிள்ளைகள் யார் யார். இதைக் கொடுக்காவிட்டால், அவர் சொல்லும் பதில் சரியா தவறா என்று வைத்தியருக்கு எப்படித் தெரியும்?

வைத்தியர் முதலில் அண்ணனைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு என்னையும்தான். நான் கதவுக்கு வெளியே நின்றேன், கதவு சரியாகச் சாத்தவில்லை. மேசையில் வீட்டுச் சாவி, காப்புச் சோடி, வங்கிப் புத்தகம் மூன்றையும் வரிசையாக வைத்தார். இது என்ன, யாருடையது, உங்களுக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியம்மா சாவியைத் தொட்டு, “மூத்தவனுக்கு. அவன் பொண்டாட்டிதான் என்னையக் குளிப்பாட்டுறா” என்றார். காப்பு மகளுக்கு. புத்தகம்? “என் காரியத்துக்கு. மிச்சம் பேரப்புள்ளைகளுக்கு.”

“சின்ன மகனுக்கு?”

“இந்தக் காப்ப ரெண்டு தடவ ஈடு வெச்சுத்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டுனேன். அவனுக்குக் குடுத்தாச்சு.”

“அவர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“கோவிப்பான். கோவிக்கட்டும்.”

அப்புறம் வைத்தியர் நன்கொடை உறுதியைப் பற்றிக் கேட்டார். இன்றைக்கே சாவியை மூத்தவருக்கு எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வீடு யாருடையது? விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் பெரியம்மா “என்னோடதுதான்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அன்று பெரியம்மாவுக்கு வைத்தியரின் முகமே நினைவில்லை. “ஐயா எந்த ஊரு?” என்று கேட்டார். ஆனால் சாவிக்கும் காப்புக்கும் அதே பதில், அதே காரணம், அதே “கோவிக்கட்டும்”. அறிக்கை ஒன்றரைப் பக்கம் வந்தது. மரண சாசனம் எழுதும் ஆற்றல் இப்போது இருக்கிறது, வீட்டை உயிரோடு இருக்கும்போதே கைமாற்றுவதன் விளைவு அவருக்குப் புரியவில்லை என்று தனித்தனியாக எழுதியிருந்தார். அவர் சொன்ன வார்த்தைகளைத் தமிழிலேயே குறித்திருந்தார்.

விளங்கிக்கொள்வது, அது தனக்கே நடக்கும் என்று உணர்வது, இதையும் அதையும் சீர்தூக்கிப் பார்ப்பது, முடிவைச் சொல்வது என்ற நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பதை அப்பல்போம், கிரிசோ என்ற இருவர் 1988இல் எழுதினார்கள். சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பதைப் பற்றித்தான் அவர்கள் எழுதினார்கள். ஆனால் நான் கதவு இடுக்கில் கேட்டதும் அதேதான். நன்கொடை விஷயத்தில் பெரியம்மா தடுக்கியது முதல் படியிலேயே.

நேரமும் முக்கியம். போன வருடம் ஒரு வாரம் முழுக்க, இறந்துபோன பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். நோய் முற்றிவிட்டது என்று அழுதோம். கடைசியில் அது சிறுநீர்த் தொற்று. மருந்து எடுத்ததும் பழையபடி ஆனார். அந்த வாரத்தில் யாராவது பரிசோதித்திருந்தால் கதை முடிந்திருக்கும். காலையில் போங்கள், கண்ணாடியும் காதுக் கருவியும் இருந்தால் எடுத்துப் போங்கள், காய்ச்சல் நேரத்தில் போகாதீர்கள்.

எதை எழுதுவது?

அண்ணன் கேட்டது நன்கொடை உறுதி. அதற்கு ஆதரவாகச் சொல்ல இருப்பது ஒன்று: தாய் இறந்தபின் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஆயுள் உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, தாய்க்கே வைத்து எழுதலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் எழுதியபின் மனம் மாறினால் திரும்பப் பெறுவது லேசு இல்லை. மீளப் பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையை, பிள்ளை நன்றி கெட்டுப் போனான் என்ற காரணத்துக்காக இரத்துச் செய்வதும் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்ற வழியில்தான். தாயே போய் வழக்குப் பேச வேண்டிய நிலையில், மறதி நோயாளி எங்கே போவார்? அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. இங்கே அடிப்படையில் இருப்பது உரோம-டச்சுச் சட்டம். அதன்படி, புரியாத நிலையில் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே வெற்று. அண்ணன் அந்தக் காணியை வைத்துக் கடன் எடுத்து வீட்டைக் கட்டிய பிறகு உறுதி செல்லாது என்றானால் என்ன ஆகும் என்று அவரையே கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னோடு பழையபடி பேசத் தொடங்கினார்.

பவர் என்று நாம் சொல்லும் அற்றோணித் தத்துவம், நமக்காக இன்னொருவர் காரியம் பார்க்க எழுதிக் கொடுக்கும் பத்திரம், மலையகத்தில் மிகப் பிரபலம். வெளிநாட்டுக்குப் போகிற எல்லாரும் எழுதுகிறார்கள், அதனால் எல்லாருக்கும் பழக்கம். 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. எழுதும்போது புத்தி தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். எழுதியவரின் புத்தி போய்விட்டால் பவரும் போய்விடும் என்பது மறுபக்கம், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆற்றல் போன பிறகும் தொடர்ந்து செல்லும் நீடித்த பவர் எழுதலாம். நம் நாட்டில் அது இல்லை. ஆக மறதி நோய்க்குப் பவர் என்பது மழை விழுந்ததும் தானே மடங்கிக்கொள்ளும் குடை. கால் முறிந்து நடக்க முடியாத, மூளை தெளிவான தாய்க்கு அது நல்ல வழி. பெரியம்மாவுக்கு இல்லை. புத்தி மங்கியபின் பழைய பவரைக் காட்டி வங்கியில் காசு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபடும்வரை அது வழக்கம், பிடிபட்டால் வழக்கு.

மரண சாசனம் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதலாம், நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னிலையிலும் எழுதலாம். விரல் அடையாளம் வைக்கிறவர் என்றால் ஐந்து சாட்சி வழியை நினைத்தும் பார்க்காதீர்கள். தாய் உயிரோடு இருக்கும்வரை வீடு தாயுடையது, மனம் மாறினால் மாற்றலாம், பிள்ளை துரத்த முடியாது. குறை என்ன? தாய் இருக்கும்போது அது எதற்கும் உதவாது. இன்றைக்கு மருந்துக்குக் காசு வேண்டுமென்றால் மரண சாசனத்தைக் காட்டி ஒரு ரூபா எடுக்க முடியாது. இறந்தபின் சந்தேகம் கிளப்பினால், சாசனத்தைக் கொண்டுவருகிறவர்தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். அங்கேதான் அந்த ஒன்றரைப் பக்க அறிக்கைக்கு வேலை.

ஒன்றுமே எழுதாமல் விடுவதும் ஒரு வழிதான், யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நமக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை இல்லை, 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான். கணவர் இல்லாத தாயின் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். மூன்று பேரும் ஒத்துப்போகிற குடும்பமென்றால் இதைவிட மலிவான வழி கிடையாது. 12 பேர்ச்சை மூன்றாக வெட்டினால் நாலு நாலு பேர்ச். ஒத்துப்போகாத குடும்பத்தில் அந்த நாலு பேர்ச்சுக்கு இருபது வருடம் பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்.

லயத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை, எழுதிக் கொடுக்கக் காணி இருந்தால்தானே. அவர்களுக்குச் சேமலாப நிதியிலும் வங்கியிலும் பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காசைப் பெறுகிறவர், பெயர் சரியாக இருக்கிறதா என்று புத்தி தெளிவாக இருக்கும்போதே பார்த்து வைப்பதுதான் பெரிய வேலை. தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்றால் அதையும் அப்போதே திருத்துங்கள். 7 பேர்ச் வீட்டுத் திட்டத்தில் பத்திரம் கிடைத்தவர்கள், யாருக்கும் எழுதும் முன் அதிலுள்ள நிபந்தனைகளை ஒருவரிடம் வாசித்துக் கேளுங்கள்.

கடைசியாகக் கோர்ட். 1889ஆம் ஆண்டு குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 39ஆம் அத்தியாயம். உறவினர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் விசாரித்து, அவர் சித்த சுவாதீனமற்றவர், தன் காரியத்தைத் தானே பார்க்க இயலாதவர் என்று கண்டால் சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கும். சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ முகாமையாளர் தனியாக நீதிமன்ற அனுமதி எடுக்க வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். காசுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

இதன் பலம் வேறு எதற்கும் இல்லை. வங்கியில் காசு சிக்கிக் கிடந்தாலும், பராமரிப்புக்காக வீட்டை விற்றே ஆக வேண்டுமென்றாலும், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நம்பாவிட்டாலும் இதுதான் வழி. ஆனால் இது அந்த மின்குமிழ்க் கேள்விக்கே திரும்பிப் போகிறது. மரண சாசனம் எழுதத் தெளிவுள்ள ஒருவரை, வங்கிக் கணக்கு பார்க்கத் தெரியாத காரணத்துக்காக மொத்தமாகச் சித்த சுவாதீனமற்றவர் என்று எழுதிவிடும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2016இல் இணைந்தது. ஆளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவருக்காக முடிவெடுப்பதை விட, உதவி செய்து அவரையே முடிவெடுக்க வைப்பதைத்தான் அதன் 12ஆம் உறுப்புரை கேட்கிறது. மேசையில் சாவியையும் காப்பையும் வைத்துப் பேசியது அப்படி ஒரு உதவிதான். நம் சட்டக்கோவை இன்னும் 1889இலேயே நிற்கிறது.

ஆகவே நான் சொன்னது இது: இப்போது மரண சாசனம், அறிக்கையோடு. நன்கொடை வேண்டாம். பவர் வேண்டாம். கோர்ட்டை, காசு சிக்கும் நாளுக்கு வைத்துக்கொள்வோம். அக்கா உடனே சரி என்றார். அண்ணன் இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார். தம்பிக்கு அந்த அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பினோம். காப்பை ஈடு வைத்த வரியை வாசித்திருப்பான் போல. நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

சாசனம் எழுதிய அன்று அதே நொத்தாரிசு, அதே மைப்பெட்டி. பயனடைகிற யாரும் அறையில் இல்லை. சாட்சிகளில் ஒருவர் அந்த வைத்தியரே. வயதானவர், நோயுள்ளவர் சாசனம் எழுதினால் வைத்தியரைச் சாட்சியாக வைப்பது இங்கிலாந்தில் 1975இலிருந்து பொன் விதி என்று சொல்லப்படுவதாக நொத்தாரிசு சொன்னார். இம்முறை அவர் ஆமா-இல்லை என்று கேட்கவில்லை. “இந்தக் கடதாசியில என்ன எழுதச் சொன்னீங்க அம்மா, நீங்களே சொல்லுங்க” என்றார். பெரியம்மா சொன்னார்.

நிலையான வைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த பங்குனியில் முதிர்கிறது. புதுப்பிக்கப் பெரியம்மாவே நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே வரும்படி அண்ணன் இப்போதே ஓட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.